மருந்து ஏறும் நாட்களில் அருகிருப்போர் கடமை

(நம் பங்கின் ஜூபிலி ஆண்டில், நோயாளிகளின் உலக நாளன்று பங்கு மன்றத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

 

முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பேசிப் பழகியவன் நான். மேடை எனக்குப் புதிதல்ல. என்றாலும் இன்று எழுந்து நிற்கும்போது சற்று நடுக்கமாகத்தான் இருக்கிறது. காரணம், தாய்மார்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் மனைவிதான். 2017ஆம் ஆண்டு அவளுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை முடிந்து, ஜூன் மாதம் தொடங்கி நவம்பர் வரை, மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக எட்டு முறை மருந்து ஏற்றிக்கொண்டாள். அந்தக் கதையைச் சபையிலே சொல்லலாமா என்று அவளிடம் அனுமதி கேட்டேன். "சொல்லுங்க. ஆனா நீங்க பண்ணின தப்பையும் சேர்த்துச் சொல்லணும்" என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். ஆகவே, தவறு செய்து திருத்திக்கொண்ட ஒரு மாணவன் தன் பாடத்தை ஒப்பிக்கிறான் என்று எண்ணி இதைக் கேளுங்கள்.

பிப்ரவரி 11ஆம் நாளை நோயாளிகளின் உலக நாளாகத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1992இல் அறிவித்தார். ஆண்டுதோறும் இந்நாளில் நோயாளிகளுக்காகச் செபிக்கிறோம். இவ்வாண்டு, நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியும் சிறிது நினைக்கலாம் என்று பங்குத்தந்தை விரும்பினார்கள். அந்த நாற்காலியில் ஆறு மாதம் இருந்தவன் என்ற ஒரே தகுதியில்தான் பேசுகிறேன்.

நரம்பு வழியாக மருந்து ஏற்றுவதை எல்லாரும் 'கீமோ' என்கிறோம். அந்தப் பெயரைச் சொல்லும்போதே நம் தெருவில் குரல் தாழ்ந்துவிடுகிறது. அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பயத்தில் பாதி போய்விடும். புற்றுநோய் அணுக்கள் ஓயாமல் பெருகுகின்றன. பெருகுகின்ற அணுவைத் தேடித் தாக்குவதே இந்த மருந்துகளில் பெரும்பாலானவற்றின் வேலை. ஆனால் நம் உடலில் நல்ல அணுக்களிலும் வேகமாகப் பெருகுபவை உண்டு: முடியின் வேர், வாயின் உட்தோல், குடலின் உட்சுவர், எலும்பின் உள்ளே இரத்த அணுக்கள் பிறக்கும் இடம். வயலில் களை பறிக்கும்போது பயிரும் கொஞ்சம் மிதிபடுகிறதல்லவா? அதுபோல இவையும் அடிபடுகின்றன. முடி உதிர்வதும், வாய் புண்ணாவதும், வயிறு கழிவதும், இரத்தம் குறைவதும் அதனால்தான். மிதிபட்ட பயிர் நிமிர்வதற்காகவே ஒரு முறைக்கும் மறு முறைக்கும் நடுவே இடைவெளி விடுகிறார்கள்.

நம் கல்லறைத் தோட்டத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்து நிற்கும் நித்தியகல்யாணிச் செடியை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வின்கிறிஸ்டின் என்ற மருந்து அந்தச் செடியிலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டது. 1960களிலிருந்து இன்றுவரை குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அதைக் கொடுக்கிறார்கள். கல்லறையில் பூக்கிற செடி எத்தனையோ குழந்தைகளைக் கல்லறைக்குப் போகவிடாமல் தடுத்திருக்கிறது! அதற்காக யாரும் அந்த இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துவிட வேண்டாம், அது நஞ்சு. அளவறிந்து, ஆளறிந்து கொடுக்கும்போதுதான் மருந்து. அதே குழந்தைகளின் நோய்க்கு 1947இல் அமெரிக்காவில் சிட்னி பார்பர் என்ற மருத்துவர் முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்த அமினோப்டெரின் என்ற மருந்தை ஆக்கித் தந்த ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? எல்லாப்பிரகட சுப்பாராவ். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கீமோவைச் சாவின் தூதன்போல் பேசுகிறவர்களுக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்லுங்கள்.

இனி என் தவறுகளுக்கு வருகிறேன்.

முதல் தவறு பிரியாணி. முதல் முறை மருந்து ஏற்றிய அன்று, பாவம், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே என்று, அவளுக்கு மிகவும் பிடித்த கடைப் பிரியாணியை வாங்கிக்கொண்டு போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "எனக்காக இரண்டு வாய்" என்று வற்புறுத்தினேன். சாப்பிட்டாள். அன்றிரவு ஆறு முறை வாந்தி. இன்றுவரை அந்தக் கடை இருக்கும் தெருவழியே போனால் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்கிறாள். குமட்டல் இருக்கும் நாளில் சாப்பிட்ட பண்டத்தை உடம்பு பகையாக நினைத்துக்கொள்ளும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆகவே ஒருவருக்கு மிகவும் பிடித்த உணவை அந்த ஒன்றிரண்டு நாள் கொடுக்காமல் இருப்பதே நல்லது. நான் அவள் பசியைப் பார்க்கவில்லை. 'ஏதாவது செய்தேன்' என்ற என் மனத்திருப்தியைத்தான் பார்த்தேன்.

பிறகு கற்றுக்கொண்டது இது. குமட்டலுக்குக் கொடுத்த மாத்திரையை வாந்தி வரட்டும் என்று காத்திராமல், எழுதிக் கொடுத்த நேரத்துக்கே கொடுத்துவிட வேண்டும். மருந்து ஏறிய அன்றைக்கு அடங்கியிருக்கும் குமட்டல் மறுநாளோ அதற்கு மறுநாளோ தலைதூக்கலாம். சுடச்சுட இருக்கும் சாப்பாட்டுக்கு வாசனை அதிகம், ஆறியதற்குக் குறைவு. தாளிப்பு, மீன் வறுவல் எல்லாம் அந்த நாட்களில் அடுத்த வீட்டிலே நடக்கட்டும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு வேளையாகப் பிரித்து, கொஞ்சம் கஞ்சி, பாதி இட்லி, ஒரு முட்டை நன்றாக வேகவைத்தது என்று கொடுத்தோம். எல்லாம் இரும்பை நக்கினதுபோல இருக்கிறது என்றாள். எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் பிளாஸ்டிக் கரண்டி வைத்தோம், சற்றுத் தேவலை என்றாள். வாய்ப்புண்ணுக்கு மிருதுவான பிரஷ், காரமில்லாத உணவு, வெதுவெதுப்பான நீரில் சிறிது உப்பும் சோடா உப்பும் கரைத்து அடிக்கடி கொப்பளிப்பது. இவ்வளவுதான். ஆனால் தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்தாலும், வயிற்றுப்போக்கு நிற்காமல் போனாலும் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. முதல் நான்கு முறையும் அவளுக்கு ஏற்றியது டாக்சோரூபிசின் சேர்ந்த சிவப்பு நிற மருந்து. வீட்டுக்கு வந்ததும் சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. இரத்தம் என்று நினைத்து நான் அழுதேவிட்டேன். மருந்தின் நிறந்தான் அது. ஒன்றிரண்டு நாளில் மாறிவிடும். நர்ஸம்மா முன்பே சொல்லியிருந்தார்கள். நான்தான் காதில் வாங்கவில்லை. ஆகவே மருந்து ஏற்றும் இடத்துக்குப் போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுபோங்கள். பயந்த மனம் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. மருந்து ஏற்றிய பின் இரண்டு நாள், வாந்தியையும் கழிவையும் சுத்தம் செய்பவர்கள் கையுறை போட்டுக்கொள்வது நல்லது என்பதும் அந்த நோட்டில் நான் பிறகு எழுதிக்கொண்டதுதான்.

பதினாறாம் நாள் தலையணை நிறைய முடி. இடுப்புக்குக் கீழே தொங்கிய கூந்தல் அவளுக்கு. நான் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "முடிதானே, திரும்ப வளரும்" என்றேன். சொன்னது உண்மைதான், சிகிச்சை முடிந்த சில மாதத்தில் வளரவும் செய்தது. ஆனால் உண்மையையும் நேரம் பார்த்துச் சொல்ல வேண்டுமே! அவள் மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் அவளே என் சவர மிஷினைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் ஒரு வார்த்தை பேசாமல் மழித்து முடித்தேன். அந்தப் பேசாமைதான் அவளுக்கு ஆறுதலாக இருந்ததாம். நெடுநாள் கழித்துச் சொன்னாள். ஒரு வாரம் சென்று தெருமுனையில் ஒரு பாட்டி அவளைப் பார்த்து, "என்னம்மா, வேளாங்கண்ணிக்கு நேர்ச்சையா?" என்று கேட்டார்கள். இவள் சிரித்துக்கொண்டே "ஆமா பாட்டி" என்றாள். வீட்டுக்கு வந்ததும், "பொய் சொல்லிவிட்டாயே" என்றேன். "எது பொய்? நேர்ந்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றாள். அடுத்த ஆண்டு போய்வந்தோம்.

இப்போது சொல்லப்போவது சொல்லக் கூசுகிற தவறு. அதற்காகவே இந்த மேடைக்கு வந்தேன்.

மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை, பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான், இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துபோகும். வெள்ளணுக்கள் நம் உடலின் காவல்காரர்கள். காவல் இல்லாத வீட்டில் திருடன் நுழைந்தால் சத்தம் கேட்காது. கிருமி உள்ளே போனாலும் சீழ் பிடிக்காது, வீக்கம் தெரியாது. காய்ச்சல் ஒன்றே அடையாளமாக இருக்கலாம். வெப்பமானியில் 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காட்டினால், பகலோ இரவோ, உடனே வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளை நான் பத்திரமாக மடித்து என் செபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன்.

இரண்டாம் முறை முடிந்து பதினோராம் நாள். இரவு பத்து மணிக்கு, "குளிருது" என்றாள். வெப்பமானி வைத்தேன். 101. மழை பெய்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி இருபத்திரண்டு கிலோமீட்டர். அடுத்த தெருவில் கார் வைத்திருக்கும் நண்பர் உண்டு. ஆனால் அவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து படுத்திருப்பார், இந்நேரத்தில் எழுப்பலாமா என்று எனக்குத் தயக்கம். யாருக்கும் தொல்லை கொடுக்காமல் வாழ்ந்தவன் என்ற பெருமை வேறு. ஒரு பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்தேன். பதினொன்றரை மணிக்குப் பார்த்தால் 99. 'பார்த்தாயா, இறங்கிவிட்டது' என்று நிம்மதியாகப் படுத்தேன்.

அந்த மாத்திரை காய்ச்சலை இறக்கியது, கிருமியை இறக்கவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கோவில் மணி கேட்டு எழுந்தேன். அவள் கட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் பதில் குழறியது. கை கால் பனிக்கட்டி. ஓடிப்போய் நண்பரின் கதவைத் தட்டினேன். வேட்டியோடு அப்படியே வந்து காரை எடுத்தார். ஆஸ்பத்திரியில் இரத்த அழுத்தம் பார்த்த நர்ஸம்மா வேறொன்றும் பேசாமல் டாக்டரை அழைத்தார்கள். இப்படிப்பட்ட காய்ச்சலுக்கு வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்தை நரம்பில் ஏற்றிவிட வேண்டும் என்பது முறை. நான் அவளுக்கு ஏழு மணி நேரத்தை வீணாக்கியிருந்தேன். மூன்று நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தாள்.

திரும்பி வரும்போது அந்த நண்பர் ஒன்று கேட்டார். "சார், இத்தனை வருஷம் பக்கத்திலே இருக்கேன். ராத்திரியிலே ஒரு தடவை கதவைத் தட்டுற உரிமைகூட எனக்கு நீங்க குடுக்கலையே?" அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஆகவே சொல்கிறேன்: அந்தத் தாளைச் செபப் புத்தகத்தில் வைக்காதீர்கள், வாசற்கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். வீட்டில் சரியான வெப்பமானி ஒன்று இருக்கட்டும். காய்ச்சலுக்குக் கையில் கிடைத்த மாத்திரையைக் கொடுத்து அதை மறைக்காதீர்கள். முதலில் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், புறப்படுங்கள். அங்கே வாசலில் சீட்டு எழுதுகிறவரிடமே, "கீமோ எடுக்கிறவங்க, காய்ச்சல்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

இதிலிருந்து நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. சளி, இருமல் உள்ளவர்கள் வராமலிருப்பதே பெரிய அன்பு. வந்தவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்காருங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர், கீமோ எடுத்த தன் உறவினர் எப்படி எப்படித் துன்பப்பட்டு இறந்தார் என்று முக்கால் மணி நேரம் விவரித்தார். மற்றொருவர் முள்சீத்தா இலைக் கஷாயம் கொண்டுவந்து, ஊசியை நிறுத்திவிட்டு இதைக் குடி என்றார். ஒருவர்கூடத் தீய எண்ணத்தோடு வரவில்லை. யோபுவின் நண்பர்களும் நல்லவர்கள்தானே! அவரைப் பார்க்க வந்து, ஏழு பகலும் ஏழு இரவும் தரையிலே அவரோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை எல்லாம் சரியாகவே இருந்தது. விளக்கம் சொல்ல வாயைத் திறந்த பிறகுதான் யோபுவின் துன்பம் இரட்டிப்பாயிற்று. கஷாயமோ, லேகியமோ, எதுவானாலும் சிகிச்சை கொடுக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. ஏறுகிற மருந்தோடு அது மோதக்கூடும்.

கடைசி நான்கு முறை வேறு மருந்து. வாந்தி குறைந்தது. ஆனால் விரல் நுனிகளும் பாதங்களும் மரத்துப்போயின. ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியவில்லை. காபித் தம்ளர் கையிலிருந்து நழுவியது. இதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தேவையானால் மருந்தின் அளவைக் குறைப்பார்கள். ஒரு மாலை செபமாலை சொல்லும்போது பாதியிலே நிறுத்திவிட்டு, "மணி கைக்குத் தெரியலைங்க. எத்தனையாவதுன்னு தெரியலை" என்று கண் கலங்கினாள். நாற்பது ஆண்டு அவள் கையில் உருண்ட மணி. "நீ சொல்லு, நான் எண்ணுகிறேன்" என்று மாலையை என் கையில் வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து அவள் சொன்னாள், நான் எண்ணினேன். அந்த ஆறு மாதத்தில் நான் உருப்படியாகச் செய்த காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அவளுடைய நோயை நான் வாங்கிக்கொள்ள முடியாது. அவளுக்குப் பதிலாக ஊசி போட்டுக்கொள்ள முடியாது. அவள் விரல் உணராததை என் விரல் உணரலாம். அவள் கவனிக்க முடியாததை நான் கவனிக்கலாம். அருகிருப்போர் கடமை அவ்வளவுதான். அதிலே தவறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட்டேன்.

அருகிருப்பவரும் மண்ணால் ஆனவர்தாம். ஒரு கட்டத்தில் நான் நின்றபடியே தூங்கினேன். அப்போது நம் வின்சென்ட் தே பவுல் சபை அன்பர் ஒருவர் சனிக்கிழமைதோறும் மாலை இரண்டு மணி நேரம் வந்து, ஒன்றும் பேசாமல் திண்ணையில் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார். நான் உள்ளே தூங்குவேன். அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஈடாக எந்தப் பழக்கூடையையும் சொல்ல மாட்டேன். உதவ விரும்புவோர், "ஏதாவது வேண்டுமா?" என்று கேட்காதீர்கள், "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். "வெள்ளிக்கிழமை ரேஷன் நான் வாங்கி வருகிறேன்", "நாளைக்குப் பிள்ளைகளைப் பள்ளியில் நான் விடுகிறேன்" என்று காரியத்தைச் சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்குச் செல்பவருக்கும் ரயிலில் உள்ள கட்டணச் சலுகை ஆகியவற்றுக்கு மனு எழுதித் தரப் படித்த இளைஞர்கள் முன்வரலாம்.

முடிவாக ஒரு விண்ணப்பம். ஜூபிலி நினைவாகக் கொடிமரத்துக்குப் புதுப்பூச்சு, வாசலுக்கு வளைவு என்று பல திட்டங்கள் பேசப்படுகின்றன. எல்லாம் நல்லவையே. அவற்றோடு செலவே இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். வண்டி வைத்திருக்கும் நான்கைந்து பேர் தங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, 'எந்த இரவிலும் எழுப்பலாம்' என்று எழுதிக் கையெழுத்திடட்டும். அந்தப் பட்டியலைக் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைப்போம். என்னைப்போன்ற தயக்கக்காரன் எந்தப் பங்கிலும் ஒருவனாவது இருப்பான். அவன் கதவைத் தட்டுவதற்கு முன்பே நாம் கதவைத் திறந்துவைக்கலாம் அல்லவா?

முதற்கையெழுத்தை அந்த நண்பர் போட்டுவிட்டார். மூன்றாவது வரிசையிலிருந்து, 'நேரமாகிவிட்டது' என்று கைச்சைகையும் வந்துவிட்டது. அந்த விரல்களில் இப்போது உணர்ச்சி பெரும்பாலும் திரும்பிவிட்டது. மணியை இன்று அவளே எண்ணிக்கொள்கிறாள். எனினும் பழக்கம் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் எண்ணுகிறேன்.